சாவியைத் திருப்பும் முன்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் தோட்டத்து மூலையில் பழைய லாரி ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பங்காளித் தகராறு, லோடு கிடைக்காத காலம், ஓட்டியவர் இறந்துபோனது என்று ஏதோ ஒரு காரணத்தால் நிறுத்தியிருப்பார்கள். வருஷங்கள் கழித்து வாரிசு யாராவது வருவார். புது பேட்டரி இரண்டை மாட்டி, “ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போமே” என்பார். நன்றாக இருந்த எஞ்சின்கூட அந்த ஒரு தடவையில் கெட்டுப்போவதுண்டு.

எடுத்துக்காட்டுக்கு டாடா 1210 போன்ற லாரிகளில் இருந்த 697 எஞ்சினை வைத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 5,675 சிசி, எலக்ட்ரானிக்ஸ் என்பதே கிடையாது. 1954-இல் தொடங்கி 1969 வரை டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு வைத்திருந்த கூட்டின் வழிவந்தது. பழைய லேலண்டுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். இப்படிப்பட்ட எஞ்சினுக்குத் தேவை மூன்றுதான்: சிலிண்டருக்குள் காற்று நன்றாக அழுந்த வேண்டும், சரியான நேரத்தில் டீசல் பீய்ச்சப்பட வேண்டும், எல்லா இடத்துக்கும் ஆயில் போக வேண்டும். நின்றுபோன வண்டியில் மூன்றும் சந்தேகத்துக்கு உரியவை.

கருவிப்பெட்டியைத் திறக்குமுன் கண்ணால் பாருங்கள். பானெட்டுக்குள் பாம்பு இருக்கலாம், கையை விடுமுன் கம்பால் தட்டிவிடுவது நல்லது. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கும். சைலென்சர் வாயையும் டீசல் டேங்க்கின் காற்றுத் துளையையும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஒயர்களை எலி கடித்து வைத்திருந்தால் பேட்டரி மாட்டியதுமே தீப்பிடிக்கலாம். ஆகவே பேட்டரி கடைசியில்தான்.

அடுத்து ஆயில். கேஜ் கம்பியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கூடியிருந்தால்தான் கவலை. தண்ணீரோ டீசலோ சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எப்படி இருந்தாலும் பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். அடைப்பான் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வருகிறதா என்று தெரியும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில்தான் தங்கும். பச்சையாகவோ துருநிறமாகவோ தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கட்டையோ லைனரையோ சந்தேகப்பட வேண்டும். அதற்குமேல் மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள். சுத்தமாக வந்தால் புது ஃபில்டர் போட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். விலை உயர்ந்த ஆயில் வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடியதும் இதையும் வடிக்கத்தான் போகிறோம்.

இப்போது முக்கியமான கட்டம். எஞ்சின் கையால் சுற்றுகிறதா?

ஆறு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ சில வால்வுகள் திறந்தே நிற்கும். மழைக்காலத்து ஈரக்காற்று அந்தச் சிலிண்டர்களுக்குள் போய், பிஸ்டன் ரிங் இருக்கும் இடத்தில் துருவை ஏற்றிவிடும். செல்ஃப் மோட்டாரின் வேகத்தோடு அதைப் பிய்த்தால் ரிங் உடையும், லைனரில் கோடு விழும். தண்ணீர் நிறைந்த சிலிண்டராக இருந்தால் இன்னும் மோசம். தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ஃபுக்கு இதெல்லாம் தெரியாது. கைக்குத் தெரியும்.

டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் ஆறையும் கழற்றிவிடுங்கள். அடியில் உள்ள செம்பு வாஷர் திரும்ப உதவாது, புதிது வாங்கி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். இந்தக் காத்திருப்புதான் பலருக்கு முடிவதில்லை. பிறகு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்து வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி மாட்டி முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். ஒரு விரல்கடை அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அசைவு கூடக்கூட இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு, முழுச் சுற்று வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். அசையவே இல்லையென்றால் பைப் மாட்டித் தொங்காதீர்கள். ஏர் கம்ப்ரஸரோ டீசல் பம்ப்போ இறுகியிருக்கலாம், அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சுற்றும்போது மேலே வால்வு கவரைக் கழற்றி வைத்திருங்கள். ராக்கர்கள் வரிசையாக இறங்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கிய வால்வு ஏறாமல் நின்றால் சுற்றுவதை அங்கேயே நிறுத்தி, அந்த வால்வுத் தண்டுக்கு ஆயில் விட்டு விடுவிக்க வேண்டும். அப்படியே விட்டால் புஷ்ராடு வளையும், அல்லது பிஸ்டன் வால்வில் இடிக்கும்.

டீசலுக்கு வருவோம். டேங்க்கில் இருக்கும் பழையதை ஒரு சொட்டுகூட நம்பாதீர்கள். அடியில் தண்ணீர் சேர்ந்து, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்பு வழவழப்பாக நிற்கும். ஃபில்டரை அடைப்பது அதுதான். பட்டறைக்காரர்கள் செய்வதுபோல ஒரு கேனில் புது டீசல் நிரப்பி, உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு ட்யூப் கொடுங்கள். டேங்க்கைப் பிறகு இறக்கிக் கழுவிக்கொள்ளலாம்.

இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து இங்கேதான். இந்த எஞ்சின் சாவியை அணைத்தால் நிற்காது. டீசல் கிடைக்கும்வரை ஓடும். எவ்வளவு டீசல் என்பதைத் தீர்மானிப்பது பம்ப்புக்குள் இருக்கும் ரேக் என்ற கம்பி. ஸ்டாப் நாபை இழுத்தால் ரேக் நகர்ந்து டீசலை வெட்டும். வண்டியை நிறுத்தியபின் நாபை உள்ளே தள்ளி விட்டிருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் ரேக்கை டீசல் கொடுக்கும் பக்கமே தள்ளி வைத்திருக்கும். வருஷக்கணக்கில் அங்கேயே துருப்பிடித்து இறுகியிருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் கிளம்பிய நொடியிலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும், வெடித்துச் சிதறும்வரை. டயாப்ரம் வைத்த கவர்னர் உள்ள பம்ப்பில் டயாப்ரம் கிழிந்திருந்தாலும் இதே கதிதான்.

அதனால் பம்ப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ரேக் இரு பக்கமும் தடையில்லாமல் போய்வருகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் பம்ப்பைக் கழற்றிப் பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்புவதே சரி, சுத்தியலால் தட்டுகிற இடம் அதுவல்ல. எல்லாம் சரியாக இருந்தாலும், ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றிவிட்டு, காற்று உறிஞ்சும் வாயை முழுதும் மூடுகிற அளவுக்குப் பலகை ஒன்றோடு ஓர் ஆளை அருகே நிறுத்துங்கள். ஸ்டாப் நாப் வேலை செய்யாவிட்டால் காற்றை அடைத்தால்தான் எஞ்சின் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

ரேடியேட்டரில் தண்ணீர், புது ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் பேட்டரி மாட்டலாம். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். எர்த் ஒயரின் முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள், “செல்ஃப் போயிடுச்சு” என்று சொல்லப்படுகிற பாதிக் கோளாறுகள் அங்கேதான் தீரும். நாசில்களை இன்னும் மாட்டாமல், ஸ்டாப் நாபை இழுத்தபடியே பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடியுங்கள். ஊற்றிய ஆயில் ஓட்டைகள் வழியே தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். செல்ஃப் ஆற ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை இதுதான் வேலை.

பிறகு நாசில் மாட்டி, டீசல் பாதையிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அதையே இன்ஜெக்‌ஷன் பம்ப்பிலும் செய்யுங்கள். கடைசியாக நாசில் முனை நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டாப் நாபை உள்ளே தள்ளிச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். பைப்பிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரல் வைத்துப் பார்க்காதீர்கள். ஈதர் ஸ்ப்ரே, பெட்ரோல் நனைத்த துணி இரண்டும் வேண்டாம். பழைய ரிங் அந்த அடியைத் தாங்காது, தீ ஆபத்து வேறு. நம் ஊர் வெயிலில் அழுத்தம் சரியாக இருக்கிற எஞ்சின் டீசலிலேயே கிளம்பும்.

கிளம்பியதும் வெள்ளைப் புகை வரும், எஞ்சின் சூடானதும் அது குறைய வேண்டும். விடாமல் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடாகியும் வெண்புகை நிற்காமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்தான். சில நொடிகளில் ஆயில் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிட்டு மகிழ்வது அன்றைக்கு வேண்டாம். மிதமான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கசிவு பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடுகிறது என்பதால் லாரி ஓடத் தயார் என்று எண்ணிவிடாதீர்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் எல்லாம் அத்தனை வருஷம் எஞ்சினோடு சேர்ந்துதான் கிடந்தன. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்க வேண்டும். எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியைப் பட்டறைவரைதானே என்று ரோட்டில் இறக்காதீர்கள், மெக்கானிக்கைத் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.