உங்களுக்குத் தெரியுமா? அறிவுரைக்குப் பின்வரிசைதான்!

குழு சிகிச்சையில் ஆளைத் தேற்றுவது எது? அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் இதைத் தேறியவர்களிடமே கேட்டார். 20 பேர் கையில் ஆளுக்கு 60 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். அதிகம் உதவியது, உதவாதது என்று அவர்கள் பிரித்து அடுக்க வேண்டும். 'நான் பிறருக்கு எப்படித் தெரிகிறேன் என்று அவர்கள் வாயாலேயே கேட்டது' முன்வரிசைக்கு வந்தது. அறிவுரை பின்னுக்குப் போனது. (பெரியவர்கள் மன்னிக்க!)

மனச்சிக்கலின் வேர் உறவுகளில் இருக்கிறது என்ற மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவனின் கருத்தே யாலோம் முறைக்கு அடிப்படை. வீட்டில் யாரையும் பேசவிடாதவர், ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அறையிலும் சில வாரங்களில் அதையேதான் செய்வார். பழங்கதையைக் கிளறுவதைவிட, அந்த நிமிடத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன தோன்றியது என்று கேட்பதே அங்கே மருந்து. இதை விளக்கும் அவருடைய பாடநூல் 1970-இல் வெளிவந்தது.

இன்னொன்று: ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் நடந்ததை எழுதி உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பினார் யாலோம். அன்று தான் சொல்ல நினைத்து விட்டுப்போனதையும் அதில் சேர்த்துவிடுவார்.