வீட்டார் இல்லாத விருந்தோம்பல்

விருந்தினர் வாயிலில் வந்து நிற்கிறார். வரவேற்க வேண்டியவரோ வீட்டில் இல்லை. அவர் அதே நேரத்தில் கடல் கடந்து சென்று, தம் வீட்டிற்கு வந்திருக்கும் அந்த விருந்தினரின் சமையலறையில் நின்றுகொண்டு, தேயிலை எந்த டப்பாவில் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருக்கிறார்!

இது கற்பனைக் கதையன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ குடும்பங்கள் இவ்வாறே ஒருவர் இல்லத்தில் மற்றவர் தங்கி விடுமுறையைக் கழித்துத் திரும்புகின்றன. வாடகை இல்லை, விடுதிக் கட்டணமும் இல்லை. "எங்கள் வீட்டில் நீங்கள் இருங்கள், உங்கள் வீட்டில் நாங்கள் இருக்கிறோம்" என்பதே உடன்பாடு. வீட்டு மாற்று விடுமுறை என்று இதனை நாம் அழைக்கலாம்.

விருந்தோம்பலுக்கென்று திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் விருந்தளிப்பவர் ஊரிலேயே இல்லாத விருந்தோம்பல் நமக்குப் புதியது. முகம் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியை எப்படிக் கொடுப்பது? நம் கட்டிலில் அவர் உறங்குவதா? நம் பாத்திரங்களில் அவர் சமைப்பதா? இக்கேள்விகள் அந்நாட்டு மக்களின் உள்ளத்திலும் எழாமல் இல்லை. அவற்றிற்கு அவர்கள் கண்ட விடைகள் அறியத்தக்கவை.

ஆசிரியர்கள் கண்ட வழி

இவ்வழக்கம் செல்வர்களிடம் தோன்றியதன்று. 1953-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி இன்டர்வாக் என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஆசிரியர்களுக்கு விடுமுறை நீளம், ஊதியமோ குறைவு. பிள்ளைகளுக்கு அயல்நாட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆவல் இருந்தும், விடுதியில் மூன்று வாரம் தங்கக் கையில் பணம் இல்லை. அந்த மூன்று வாரமும் தங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். பூட்டிக் கிடக்கும் இரு வீடுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டால் என்ன? அந்த எளிய கேள்வியிலிருந்து பிறந்ததே இம்முறை. அதே 1953-இல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இத்தகைய முயற்சி ஒன்று தொடங்கியது.

அக்காலத்தில் உறுப்பினர்களின் வீட்டு விவரங்கள் அச்சிட்ட பட்டியல்களாகத் தபாலில் வந்தன. அதைப் புரட்டிப் பார்த்து, பிடித்த வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி, மறுமொழிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தனர். 1992-இல் எட் குஷின்ஸ் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஹோம்எக்ஸ்சேஞ்ச் நிறுவனமும் முதலில் அச்சுப் பட்டியலையே நம்பியிருந்தது. சில ஆண்டுகளில் இணையத்திற்கு மாறியது. 2006-இல் வெளிவந்த 'தி ஹாலிடே' என்னும் ஆங்கிலத் திரைப்படம், இங்கிலாந்துப் பெண் ஒருத்தியும் லாஸ் ஏஞ்சலிஸ் பெண் ஒருத்தியும் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு மாற்றிக்கொள்வதைக் காட்டி, இவ்வழக்கத்தை அறியாதவர்களுக்கும் அறிமுகம் செய்தது.

இன்று இதில் மூன்று வகைகள் உண்டு. இரு குடும்பங்களும் ஒரே காலத்தில் இடம் மாறுவது முதல் வகை. இவ்வாண்டு ஒருவர், பிறிதொரு காலத்தில் மற்றவர் எனத் தங்கள் வசதிப்படி தங்குவது இரண்டாம் வகை. மூன்றாவது, புள்ளி முறை. நம் வீட்டில் யாரேனும் தங்கினால் நம் கணக்கில் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு வேறு எவர் வீட்டிலும் நாம் தங்கலாம். 2011-இல் பிரான்சில் தோன்றிய ஒரு நிறுவனம் இம்முறையைப் பரப்பியது. அதுவே 2017-இல் ஹோம்எக்ஸ்சேஞ்சை வாங்கி, 2019-இல் அப்பெயரிலேயே இரண்டையும் இணைத்தது. இத்தகைய அமைப்புகள் பொதுவாக ஆண்டுச் சந்தா பெறுகின்றன. வீட்டார் இருவருக்கிடையே வாடகைப் பணம் கைமாறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

முறையை விளக்க இரு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஓர் ஆசிரியர் குடும்பம். அயர்லாந்தின் தென்கரையில், கார்க் நகருக்கு அருகிலுள்ள கோவ் என்னும் துறைமுக ஊரில் மற்றொரு குடும்பம்.

முதலில் பொருந்த வேண்டியது காலம். டச்சுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஆறு வாரம். அதுவும் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு நாள்களில் தொடங்குகிறார்கள். அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளோ ஜூலை, ஆகஸ்டு இரு மாதங்களும் மூடியிருக்கும். எனவே ஐரிஷ் வீட்டாருக்கு நாள் தேர்வு எளிது. டச்சு வீட்டார் தங்கள் மண்டலத்தின் ஆறு வாரத்தை முதலில் பார்த்துக்கொண்டே கடிதம் எழுத வேண்டும். அனுபவமுள்ளவர்கள் இதற்காக முந்திய இலையுதிர் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது அந்த முதல் கடிதம். வீட்டின் பெருமையை மட்டும் எழுதுவது பெரும் பிழை. "எங்கள் மாடிப்படி மிகச் செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று" என்று டச்சுக்காரர் எழுதிவிட வேண்டும், அந்நாட்டுப் பழைய வீடுகளின் படிகள் அத்தகையவை. "எங்கள் தெரு மலைச்சரிவில் உள்ளது; மழை அடிக்கடி பெய்யும்" என்று கோவ் ஊரார் எழுத வேண்டும். குறையை முன்கூட்டியே சொன்னவரிடம் நம்பிக்கை பிறக்கிறது. வந்து பார்த்துக் கண்டுபிடித்த குறையோ மனக்கசப்பை வளர்க்கிறது.

சக்கர நாற்காலியில் வாழும் குழந்தை ஒன்றுள்ள குடும்பத்திற்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். படியில்லா வாயிலும், அகன்ற கதவும், கைப்பிடி பொருத்திய குளியலறையும் உள்ள விடுதிகள் அரியவை, விலையும் மிகுதி. ஆனால் அதே தேவையுள்ள மற்றொரு குடும்பத்தின் வீட்டில் இவை அனைத்தும் ஏற்கெனவே இருக்கும் அன்றோ? அத்தகைய இரு குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டால், வெளியூர்ப் பயணமே இல்லை என்று இருந்த பிள்ளைக்கும் கடற்கரை கிட்டுகிறது.

எழுத்தில் இருக்கட்டும்

கடிதங்கள் பல பரிமாறி, தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசி, மனம் ஒத்த பின்னர் உடன்பாட்டைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வருகை நாள், புறப்படும் நாள், தங்குவோர் எண்ணிக்கை, பூனைக்கு உணவிடுவது யார், உடைந்த பொருளுக்கு ஈடு எப்படி, வண்டியும் சேர்த்து மாற்றமா என்பன அதில் இடம்பெற வேண்டும். இருவரும் ஒப்பமிட்ட பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றியவர்கள், எதிர்த் தரப்பினர் கடைசி நேரத்தில் பின்வாங்கும்போது, சீட்டுப் பணத்தையும் விடுமுறையையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திற்கும் முன்னதாக எழுத வேண்டும். பூட்டை உடைத்து நடந்த திருட்டுக்கே ஈடு தருவோம் என்பது பல காப்பீடுகளின் விதி. சாவியுடன் உள்ளே இருந்தவரால் நேர்ந்த இழப்பு அதில் அடங்காமல் போகலாம். ஆகவே வாய்மொழியை நம்பாமல் எழுத்துமூலம் விடை பெற வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும். வண்டியை மாற்றிக்கொள்வதாயின், அயலார் ஓட்டுவதை அதன் காப்பீடு அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. அயர்லாந்தில் சாலையின் இடப்புறமாகவும் நெதர்லாந்தில் வலப்புறமாகவும் ஓட்டுகிறார்கள். அந்தந்த ஊர் வண்டியையே ஓட்டினால், அவ்வூர்ச் சாலைக்கேற்ற பக்கத்தில் ஸ்டியரிங் அமைந்திருக்கும்.

நம் நாட்டவர் இத்தகைய ஏற்பாட்டில் ஐரோப்பா செல்ல விரும்பினால் கூடுதலாகச் சில கவலைகள் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்குமிடத்திற்குச் சான்று காட்ட வேண்டும். விடுதி இரசீது இல்லாத இடத்தில் வீட்டாரின் அழைப்புக் கடிதம் தேவைப்படும். சில நாடுகள் அதற்கெனத் தனிப் படிவமே வைத்துள்ளன. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அயர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டில் சேராத நாடாதலால், அதற்கு வேறு விசா வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

வீட்டின் குறிப்பேடு

புறப்படும் நாளுக்கு முன் இல்லத்தலைவி செய்யும் வேலைகளுள் தலையாயது குறிப்பேடு எழுதுதல். நாம் நாள்தோறும் எண்ணாமலே செய்யும் செயல்கள் எத்தனை என்பது அதை எழுதத் தொடங்கிய பின்னரே தெரியவரும்.

கோவ் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் தானே வந்துவிடாது. ஐரிஷ் வீடுகள் பலவற்றில் வெந்நீர்த் தொட்டி ஓர் அலமாரிக்குள் இருக்கும். அதற்கு மின் சுவிட்சு உண்டு. கைகழுவச் சிறிதளவு நீர் போதுமா, குளிக்கத் தொட்டி நிறைய வேண்டுமா என்று அந்தச் சுவிட்சில் தெரிவு செய்ய வேண்டும். அணைக்க மறந்தால் மின்கட்டணம் ஏறும். தம் பிள்ளைகளிடம் நூறுமுறை கண்டித்துச் சொன்ன இச்செய்தியை விருந்தினருக்கு ஒருமுறையேனும் எழுதி வைக்க வேண்டாமா? இரு நாட்டிலும் மின் அழுத்தம் 230 வோல்ட்தான். ஆனால் டச்சுக்காரரின் இரு வட்டக் கம்பிப் பிளக், அயர்லாந்தின் மூன்று பட்டைக் கம்பித் துளைகளில் நுழையாது. மாற்றுப் பிளக் ஒன்றை மேசைமேல் வைத்துச் செல்வது நல்லது.

உத்ரெக்ட் வீட்டுக் குறிப்பேட்டில், காய்கறிக் கழிவு, தாள், கண்ணாடி என்று குப்பையைப் பிரிக்கும் முறையும், சைக்கிளை எங்கே பூட்டுவது என்பதும், சைக்கிள் பாதையில் நடந்து செல்லலாகாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். கழிவறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கண்டு ஐரிஷ் குடும்பத்தார் திகைக்கலாம். உறவினர், நண்பர்களின் பிறந்தநாளை மறவாதிருக்க டச்சுக்காரர்கள் அதை அங்கேதான் மாட்டி வைக்கிறார்கள்!

மருத்துவர் இருக்குமிடம், அண்டை வீட்டாரின் பெயர், நல்ல ரொட்டிக் கடை, ஞாயிறு திருப்பலி நேரம் ஆகியவையும் குறிப்பேட்டில் இடம்பெறும். பார்க்க வேண்டியவற்றுள் ஒன்றாக டச்சுக்காரர் தம் நகரின் 112 மீட்டர் உயரமுள்ள தோம் கோபுரத்தைக் குறிப்பார். 1674-இல் வீசிய பெரும்புயலில் ஆலயத்தின் நடுப்பகுதி இடிந்து வீழ, கோபுரம் மட்டும் இன்றுவரை தனித்து நிற்கிறது. கோவ் ஊராரோ, 1912-இல் டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று பயணிகளை ஏற்றிய துறை தங்களுடையது என்று எழுதுவார்கள். அவ்வூர்ப் புனித கோல்மன் பேராலயத்தில் 49 மணிகள் இசைக்கப்படுகின்றன. உத்ரெக்ட் கோபுரத்திலும் இசைமணிகள் உண்டு. ஆகவே மணியோசை கேட்டு விழிக்கும் பழக்கம் மட்டும் இரு குடும்பத்திற்கும் மாறப்போவதில்லை.

எதை நம்பிச் சாவி தருவது?

மீண்டும் முதற்கேள்விக்கு வருவோம். அயலாரிடம் வீட்டை ஒப்படைப்பது அறிவுடைமையா?

ஒரே காலத்தில் நடக்கும் மாற்றத்தில் இயல்பான காவல் ஒன்று உண்டு. நம் வீடு அவர் கையில் இருக்கும்போது அவர் வீடு நம் கையில் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் அவர் பிள்ளை கிறுக்கினால், அதே வயதுள்ள நம் பிள்ளை அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்ற எண்ணம் நம்மைச் சற்றுப் பொறுமையாளர் ஆக்குகிறது. புள்ளி முறையில் இக்காவல் இல்லை. அங்கே முன்பு தங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும், அமைப்பு தரும் உத்தரவாதத்தையும் நன்கு ஆராய வேண்டும். முன்பணம் கேட்பவர், முகம்காட்டிப் பேச மறுப்பவர், முகவரி சொல்லத் தயங்குபவர் ஆகியோரை விட்டு விலகிவிடுவதே நலம். இல்லாத வீட்டின் படத்தைக் காட்டி ஏமாற்றுவோரும் உலகில் உண்டு.

நகை, பத்திரங்கள், பாட்டி தந்த பழம்பொருள் ஆகியவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டிக்கொள்வதில் தவறில்லை. அதை முன்னரே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. அண்டை வீட்டாரிடம் செய்தியைக் கூறி, ஒரு சாவியை அவர்களிடம் வைத்துச் செல்ல வேண்டும். வந்த முதல் மாலை விருந்தினரை எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கும் அந்த அண்டை வீட்டாரே, இல்லாத வீட்டாரின் இடத்தில் நின்று விருந்தோம்புகிறவர். ஆகவே அண்டை அயலாரோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் முதலில் அந்த உறவைச் சீர்செய்த பின்னரே அயல்நாட்டவரை அழைப்பது நல்லது!

இதில் ஊர் நலமும் அடங்கியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுவதற்காகவே வீடுகள் வாங்கப்படும் நகரங்களில், உள்ளூரார் குடியிருக்க இடமின்றித் தவிக்கின்றனர். ஸ்பெயினின் பார்சலோனா நகராட்சி, இத்தகைய சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பரோடு முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024-இல் அறிவித்தது. தாம் வாழும் வீட்டையே மூன்று வாரம் மாற்றிக்கொள்ளும் இரு குடும்பங்களால் எவருடைய குடியிருப்பும் பறிபோவதில்லை.

திரும்பி வரும் நாள்

விடுமுறை முடிகிறது. தங்கிய வீட்டைப் பெருக்கி, படுக்கை விரிப்புகளைத் துவைத்து, வந்தபோது இருந்த நிலையில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். உடைத்த கோப்பையை மறைக்காமல், புதிது வாங்கி வைத்து, ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். மறுநாள் காலைக்கு ரொட்டியும் பாலும் வைத்துச் செல்வது பண்புடையார் வழக்கம். நெடும்பயணம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புவோருக்கு அதன் அருமை புரியும்.

திரும்பி வந்து தம் கதவைத் திறக்கும் குடும்பம், வீட்டை ஒரு கணம் விருந்தினர் கண்ணாலே பார்க்கிறது. இழுத்தால் கையோடு வரும் கைப்பிடி, எரியாத விளக்கு, என்றோ சரிசெய்ய எண்ணிய குழாய் எல்லாம் அப்போதுதான் தென்படுகின்றன. சில வேளைகளில் அந்தக் குழாயை விருந்தினரே சரிசெய்துவிட்டுப் போயிருப்பார். ஒருவரையொருவர் நேரில் பாராமலே அவர் குழந்தைகளின் உயரக் கோடுகளைச் சுவரில் கண்டு, அவர் புத்தகங்களைப் படித்து, அவர் அண்டை வீட்டாரோடு தேநீர் அருந்திவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டியோர் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கும்.

இம்முறை எல்லாருக்கும் ஏற்றதென்று சொல்வதற்கில்லை. தம் நாற்காலியில் பிறர் அமர்ந்தாலே முகம் சுளிப்பவர் இதை நாடாதிருப்பதே நலம். ஆனால் பணம் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கு உலகைக் காட்ட இயலாது என்று எண்ணிய அந்த ஆசிரியர்கள், தங்களிடம் பூட்டிக் கிடந்த ஒரு செல்வத்தைக் கண்டெடுத்தார்கள். அதற்கு வேண்டிய முதலீடு, நல்ல கடிதங்கள் சிலவும், எழுதிய உடன்பாடும், கொஞ்சம் நம்பிக்கையுமே.