வெம்மையில் ஊரும் உலோகம்

திண்ணிய உலோகமும் ஊரும் என்று கூறின் நம்புவார் சிலரே. ஆயினும் இங்கிலாந்திலே பழைய ஆலயக் கூரைகளில் வேய்ந்த ஈயத் தகடுகள், ஆண்டுகள் பல செல்ல, தம் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழிறங்குதல் கண்கூடு. முறிக்கப் போதாத பாரமும் இடைவிடாது தாங்கப்படுமிடத்து உலோகத்தை நீட்டிவிடுகின்றது. இதுவே ஊர்வு. 1910 இல் ஆண்டிராடே என்னும் பௌதிக அறிஞர் ஈயக் கம்பிகளைக் கொண்டு இதனை நுணுகி ஆராய்ந்தார். தனிவெப்பநிலை அளவையில் ஈயம் உருகுவது 600 பாகையில். நாம் வாழும் அறையோ 300 பாகை. உருகுநிலையின் பாதியை அணுகிய உலோகம் ஏறக்குறைய எதுவாயினும் ஊரத் தொடங்கும்.

தாரை விமானப் பொறியின் சுழலி அலகுகளுக்கு நேரும் இடர் இதுவே. செந்தணலாய்க் காய்ந்தவாறே அவை பெருவேகத்துடன் சுழல்கின்றன. மையநீக்க விசை அவற்றை வெளியே இழுக்கின்றது. சிறிது நீண்டால் அலகு உறையில் உராயும். மேலும் நீண்டால் அறுந்து பொறியையே சிதைக்கும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜேர்மனியர் நிக்கல் முதலிய உலோகங்களுக்குப் பெரிதும் முட்டுப்பட்டனர். அவர்தம் யூமோ 004 பொறிகள் 10 முதல் 25 மணி நேரமே உழைத்தன. விரைவிற் சிறந்த விமானம் கையிலிருந்தும் அலகுக்கேற்ற உலோகம் இல்லாத அவலம் அது!

பிரித்தானியர் கண்ட வழி நிமோனிக் 80 என்னும் கலப்புலோகம். நிக்கலுடன் ஐந்திலொரு பங்களவு குரோமியமும், சிறிதளவு தைத்தானியமும் அலுமினியமும் சேர்ந்தது அது. குரோமியம் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும். மற்றையிரண்டின் தொழிலே நுட்பமானது. நீண்ட பாயொன்றை முழுமையாக இழுப்பதிலும், ஒரு மடிப்பை எழுப்பி அதனை மறுமுனைக்குத் தள்ளுதல் எளிதன்றோ? உலோகப் பளிங்கினுள்ளும் அணுவரிசை வழுக்கள் அம் மடிப்பைப் போலவே நகர்கின்றன. தைத்தானியமும் அலுமினியமும் நிக்கலோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத துணிக்கைகளாய் எங்கும் படிந்து, பாயின்கீழ் இட்ட கற்கள்போல் அவற்றை மறிக்கின்றன.

எனினும் பளிங்கு மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகள் நலிவிடங்களாகவே எஞ்சின. 1960 களில் அமெரிக்காவின் பிராட் அன்ட் விற்னி நிறுவனத்தார் எல்லையே இல்லாத அலகை, அதாவது ஒற்றைப் பளிங்கை, வார்க்க முனைந்தனர். அச்சின் அடியிற் சுருளான ஒடுங்கிய வழியொன்றை அமைத்தால், கீழே முளைக்கும் பல பளிங்குகளுள் ஒன்றே மேலேறி அச்சு முழுவதையும் நிரப்பும். இதனினும் எளிய தந்திரம் வேறுண்டோ என வியக்கத் தோன்றுகிறது. பயணிகள் விமானங்களில் இவ்வலகுகள் 1982 இல் இடம்பெற்றன.

பின்னர் இறேனியம் நூற்றுக்கு மூன்று பங்களவு சேர்க்கப்பட்டது. அணுக்களின் பரவலை அது தளர்த்துவதால் ஊர்வும் தளர்கின்றது. மிக அரிய உலோகமாதலின், தேய்ந்து கழித்த அலகுகளிலிருந்தும் அதனைப் பிரித்தெடுக்கின்றனர்.