தட்டி போனது, லைன் நிற்கிறது

கோலார் தங்க வயலில் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்க, அது எந்த லைன் என்று தெரிந்தால் போதும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து குவிந்தன. அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா. தொழிலாளிக்கு ‘லைன்’ எனப்படும் வரிசைக் குடிசை, அதற்கு மூங்கில் தட்டிச் சுவர்.

தட்டி மலிவு என்பதால்தான் வந்தது. ஆனால் அந்த மண்ணில் அதற்கு இன்னொரு பலனும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. தாதுவை வெட்டி எடுத்த இடம் வெற்றிடமாக, சுற்றியுள்ள பாறையின் மேல் அழுத்தம் ஏறும். தாங்காதபோது பாறை திடீரென வெடித்துச் சிதறும். இந்த வெடிப்பு மேலே ஊரையே குலுக்கும். குலுங்கும்போது சுவரின் மேல் விழும் விசை அதன் எடையைப் பொறுத்தது. லேசான தட்டி வளைந்து கொடுக்கும். கனமான மண்சுவரும் கல்சுவரும் விரிசல் விடும்.

இந்தக் குடிசைகளின் நெளிதகரக் கூரையிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நெளிவுதான் மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருகிறது. ஆனால் தகரம் வெப்பத்தைத் தேக்கி வைக்காது. நண்பகலில் வீடு அடுப்பாகும்; இரவில் சட்டென்று குளிரும்.

இந்த வீடுகளும் கட்டியபடியே நிற்கவில்லை. கட்டடத்தின் பாகங்கள் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்று அமெரிக்க எழுத்தாளர் ஸ்டூவர்ட் பிராண்ட் 1994இல் விளக்கினார். வீட்டுச் சாமான் அடிக்கடி மாறும், மேற்பூச்சு சில பத்தாண்டுகளில் மாறும், மனையோ மாறுவதே அரிது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பூகிஸ் மக்களின் தூண் வீடுகளும் இதற்குச் சாட்சி. ஓலைக்குப் பதில் தகரம் ஏறியது. தூண்களுக்கு இடையே செங்கல் அறைகள் முளைத்தன. மரச்சட்டம் மட்டும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

தங்க வயலிலும் தட்டி போய்ச் சுவர் வந்தது, சிமென்ட் வந்தது. பிற்காலத்தில் சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001இல் மூடப்பட்டதும், பழுது பார்க்கக் கம்பெனி இல்லை. பலர் ஊரின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூரு போய்ச் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் முன்னால் ஓர் அறையும் பின்னால் ஒரு குளியலறையும் எழுகின்றன. பக்கத்து வீட்டோடு பகிரும் ஒட்டுச்சுவரும் அளந்து கொடுத்த சிறிய மனையும் மட்டும் கம்பெனி போட்ட கோட்டிலேயே நிற்கின்றன.

இந்த ஊரின் மரபுக் கட்டடம் என்றதும் பங்களாவையும் கிளப்பையும் படமெடுக்கிறோம். லைன்களையும் அளந்து வரைந்து வைக்க வேண்டும். உழைப்பவருக்கு எவ்வளவு இடம் போதும் என்று கம்பெனி நினைத்தது என்பதற்கு, அந்த மனையின் அளவைவிட நேரான ஆதாரம் வேறில்லை.