மீட்புச் சூழலில் முடங்கிய சுட்டி

இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் சுட்டி அசையாவிடின், சுட்டியைப் பழித்துப் புதியது வாங்குவோர் பலர். பழுது பல வேளைகளில் சுட்டியிலன்று. அதன் அசைவைக் கணினிக்கு உணர்த்தும் இயக்கி என்னும் மென்பொருளில் உள்ளது.

2025 அக்டோபர் 14ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு இதற்குத் தக்க சான்று. அதனை ஏற்ற கணினிகளில் அன்றாட வேலைகளுக்குச் சுட்டி குறைவின்றி இயங்கிற்று. ஆயின், கணினி தொடங்க மறுக்கும்போது புகலிடமாகும் மீட்புச் சூழலில் மட்டும், யூ.எஸ்.பி. வழி இணைந்த சுட்டியும் விசைப்பலகையும் முடங்கின. திரையில் வழிகள் தெரியும். தேர்ந்தெடுக்கக் கருவி இராது!

இஃது எங்ஙனம் நேர்ந்தது? மீட்புச் சூழல் என்பது முழு விண்டோஸ் அன்று. தனக்கெனச் சில இயக்கிகளை மட்டும் கொண்ட சிறிய இயங்குதளம். ஆகவே ஒன்றில் ஓடும் சுட்டி மற்றொன்றிலும் ஓடும் என்னும் உறுதியில்லை. பழையதென ஒதுக்கப்பெற்ற, வட்டத் துளையிற் செருகும் பி.எஸ். 2 சுட்டி அங்கே இயங்கியது வேடிக்கையே. தொடுதிரை உடையோரும் தப்பினர்.

அக்டோபர் 20ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தப் புதுப்பிப்பை வெளியிட்டது. கணினி தொடங்குவோர்க்கு அதுவே போதுமானதாயிற்று. தொடங்காதோர்க்கோ, முன்னரே ஆக்கி வைத்த மீட்பு விரலி இருந்தால் அதிலிருந்து மீட்புச் சூழலுக்குள் புகலாம் என அந்நிறுவனம் வழிகாட்டியது.