ஒரே கோப்பு, ஒரே இடம்: பள்ளி அலுவலகக் கணினிகளை இணைக்கும் வழி

ஒரு பள்ளிக்குச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான். பிறந்த தேதியில் ஐயம் வந்தால் அதைத்தான் திறந்து பார்ப்போம். அதே விவரங்கள் கணினிக்கு வந்தபின் அலுவலகக் கணினியில் ஒரு படி, வகுப்பாசிரியர் மடிக்கணினியில் ஒரு படி, பென்டிரைவில் ஒரு படி என்று பெருகிவிடுகின்றன. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வாரத்தில் திருத்திய படி எது என்று தேட நேர்கிறது. பழைய படி பதிவேறினால் தவறான தேதி மதிப்பெண் சான்றிதழ் வரை போய்விடும். அதைத் திருத்த, நாள்கூலியை விட்டுவிட்டு அலைவது மாணவரின் பெற்றோர்தான்.

இதற்குத் தீர்வு, ஒரு கணினியில் மட்டும் கோப்பை வைத்து மற்றவற்றிலிருந்து திறப்பது. நசரத்பேட்டையில் நான் பணிபுரியும் பள்ளியில் விண்டோஸ் 7, விண்டோஸ் 10, லினக்ஸ் என மூன்று வகைக் கணினிகள் உள்ளன. பகிர்வுக் கோப்புறை ஒருநாள் திறக்கும், மறுநாள் திறக்காது. ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நான்கு காரணங்கள் தெரிந்தன.

1. மாறும் முகவரி

மின்தடைக்குப் பின் ரௌட்டர் கணினிகளுக்குப் புதிய எண்களை வழங்கக்கூடும். நேற்றைய எண்ணில் தேடினால் கோப்புறை கிடைக்காது. கோப்புகள் உள்ள கணினிக்கு மட்டும் ரௌட்டர் அமைப்பில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' வழியாக நிலையான எண் கொடுத்துவிடுங்கள். பின்பு மற்ற விண்டோஸ் கணினிகளின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்பதுபோல் அந்த எண்ணையே தட்டச்சு செய்யலாம். எல்லாக் கணினிகளும் ஒரே ரௌட்டரில் இருக்க வேண்டும். ஒன்று கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் எதுவும் நடக்காது.

2. புரியாத மொழி

விண்டோஸ் கணினிகள் கோப்பைப் பகிரும் விதிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். லினக்ஸுக்கும் அது புரியும்படி 'சம்பா' என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது முதல் பதிப்பு இடம்பெறுவதில்லை. அதனால் பழைய லினக்ஸ் கணினி திடீரென்று இணைய மறுக்கலாம். 'நெட்வொர்க்' பட்டியலில் கணினிகளின் பெயர்கள் தெரியாமலும் போகலாம். பெயர் தெரியாவிட்டாலும் எண்ணைக் கொண்டு திறக்கலாம். முதல் பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்வோர் உண்டு, அதைச் செய்யாதீர்கள். லினக்ஸில் சம்பாவைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸ் 7-க்கு இரண்டாம் பதிப்பு தெரியும்; எக்ஸ்.பி.க்குத் தெரியாது. எக்ஸ்.பி. கணினியைப் பகிர்விலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

3. 'பப்ளிக்' என்ற அமைப்பு

புதிய இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' எனக் குறித்துக்கொண்டால், பேருந்து நிலைய வைஃபையில் இருப்பதுபோல் கதவை மூடிக்கொள்ளும். அலுவலக இணைப்பை 'பிரைவேட்' என மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள். கோப்பு உள்ள கணினி தானாக உறங்கிப்போகும் 'ஸ்லீப்' அமைப்பையும் நிறுத்துங்கள்.

4. கடவுச்சொல்

கடவுச்சொல் இல்லாத கணக்கை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. 'பின்' எண்ணும் இங்கே செல்லாது. பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, எல்லாக் கணினிகளிலும் அதையே உள்ளிடுங்கள். சிலர் எளிதாக இருக்கட்டும் என்று 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கோப்புகளில் மாணவர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ளன என்பதை மறக்கக் கூடாது. ஆய்வகக் கணினியில் அமரும் மாணவரும் அதே ரௌட்டரில்தான் இருக்கக்கூடும்.

இவற்றை இதே வரிசையில் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

ஒருவர் திறந்திருக்கும் எக்செல் கோப்பை மற்றொருவர் திறந்தால் 'படிக்க மட்டும்' என்று வரும். இது பழுதன்று; ஒருவர் திருத்தத்தின்மேல் இன்னொருவர் எழுதிவிடாதபடி செய்யும் பாதுகாப்பு. அப்போது வேறு பெயரில் சேமித்தால் மீண்டும் இரண்டு படிகளாகிவிடும். முதலாமவர் மூடும்வரை காத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. பகிர்வுக் கோப்புறை காப்புப்பிரதி ஆகாது. அந்த ஒரு வன்தட்டு பழுதானால் எல்லாம் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலைதோறும் வெளி வன்தட்டில் தேதியிட்டு ஒரு படி எடுத்து, பூட்டி வையுங்கள். அதில் யாரும் திருத்தம் செய்யக் கூடாது. திருத்தமெல்லாம் பகிர்வுக் கோப்பில் மட்டுமே.