பெருக்கிகளில் அதிர்வுத் தனிமைப்படுத்தல்

பெருக்கிகளில் அதிர்வுத் தனிமைப்படுத்தல் என்பது, ஆம்ப்ளிஃபயர் என வழங்கும் வீட்டு இசைப் பெருக்கியை இரப்பர், சுருள்வில் போன்ற மீள்தன்மையுள்ள தாங்கிகளின் மீது அமர்த்தி, வெளி அதிர்வுகள் அதன் உள்ளுறுப்புகளை அடையாதவாறு தடுக்கும் முறையாகும். இது வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளுக்குப் பயன் தரக்கூடியது. டிரான்சிஸ்டர் பெருக்கிகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

அதிர்வு இரைச்சலாகும் விதம்

வெற்றிடக் குழாயினுள் எதிர்முனை, கம்பி வலை, நேர்முனை ஆகியவை மிகச் சிறிய இடைவெளிகளில் அமைந்துள்ளன. குழாய் அதிரும்போது இவ்விடைவெளிகள் மாறுகின்றன. அதனால் மின்னோட்டமும் மாறுகின்றது. இவ்வாறு குழாய் ஓர் ஒலிவாங்கியைப் போல் செயற்படுகின்றது. முதற் கட்டத்தில் தோன்றும் இரைச்சலைப் பிந்தைய கட்டங்கள் அனைத்தும் பெருக்குவதால், அங்குப் பயன்படும் இசிசி83 போன்ற குழாய்களிலேயே இக்குறை மிகுதியாகத் தெரியும். இதனைக் குறைக்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்ட குழாய்களுள் இஎஃப்86 ஒன்றாகும்.

பெங்களூரில் 1954 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961 இல் வானொலிக் குழாய்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அக்காலக் கருவிகளைச் சீர்செய்து பயன்படுத்துவோர் இவ்விளைவை அறிந்திருத்தல் நன்று.

டிரான்சிஸ்டர் திண்மப் பொருளால் ஆனது. அதனுள் அசையும் மின்முனைகள் இல்லை. சில வகைப் பீங்கான் மின்தேக்கிகள் அதிர்வால் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கினும், வீட்டுப் பயன்பாட்டில் அது பொதுவாகக் காதுக்கு எட்டுவதில்லை.

தத்துவம்

தாங்கியும் அதன் மேலுள்ள நிறையும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வெண்ணைப் பெறுகின்றன. வரும் அதிர்வின் அதிர்வெண், இவ்வியல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கிற்கு மேற்பட்டால் மட்டுமே அதிர்வு குறையும். இரண்டும் ஏறத்தாழச் சமமாயின் ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு மிகும். எனவே தவறான தாங்கி, தாங்கி இல்லாததைவிடத் தீமையானது.

சுருள்வில் தாங்கியின் இயல்பு அதிர்வெண்ணை, பெருக்கியின் எடையால் அது அமிழும் அளவைக் கொண்டு கணக்கிடலாம்:

* 1 மி.மீ. அமிழ்ந்தால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ்
* 4 மி.மீ. அமிழ்ந்தால் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ்
* 10 மி.மீ. அமிழ்ந்தால் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ்

இரப்பர் தாங்கிகளில் இம்மதிப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஓசூரிலோ அதனை அடுத்த தொரப்பள்ளியிலோ உள்ள ஒரு வீட்டின் அருகே, நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழலும் இயந்திரம் ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். அதன் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். 8 ஹெர்ட்ஸ் தாங்கி இதில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டுமே மேலே கடத்தும். ஆனால் நொடிக்கு இருமுறை விழும் காலடியின் அடிப்படை அதிர்வை அதே தாங்கியால் தடுக்க இயலாது.

கருங்கற் பலகை

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. 40 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 3 செ.மீ. தடிமனும் கொண்ட கருங்கற் பலகையின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். அதே எடையுள்ள பெருக்கியை அதன் மேல் வைத்தால் மொத்த நிறை இருமடங்காகின்றது. அதே வில்களின் மீது இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸிலிருந்து 7 ஹெர்ட்ஸாகக் குறையும். பலகையின் கீழ் மீள்தன்மையுள்ள தாங்கி இல்லையெனில் இப்பயன் கிட்டாது.

வரம்புகள்

ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து காற்றின் வழியாக வரும் அதிர்வைத் தாங்கிகள் தடுப்பதில்லை. பெட்டியிலிருந்து பெருக்கியைத் தள்ளி வைப்பதே அதற்குரிய செலவில்லாத வழியாகும். அதற்குப் பின்னும் குழாய் மணி போல் ஒலித்தால், குழாயை மாற்றுதல் வேண்டும். மேலும், இந்திய மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், மின்மாற்றியின் உள்ளகம் 100 ஹெர்ட்ஸில் அதிரும். இந்த ரீங்காரம் அலமாரிக்குப் பரவுவதைத் தாங்கிகள் குறைக்கும். ஒலிபெருக்கியின் வழியே கேட்கும் மின் இரைச்சலைக் குறைக்கா.

தாங்கிகள் காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. குழாய்ப் பெருக்கிகளின் உள்ளே பல நூறு வோல்ட் மின்னழுத்தம் இருப்பதாலும், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கக்கூடும் என்பதாலும், பயிற்சியற்றோர் மூடியைத் திறத்தல் ஆகாது.